கற்பனை நாட்டுக்கு ஒரு ராணுவச் சரக்கு விமானம்: அது எப்படி உருவாகும்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நீங்கள் ஒரு நாவல் எழுதுகிறீர்கள். மலைகளும் சில தீவுகளும் கொண்ட ஒரு கற்பனை நாடு 1970களில் தன் ராணுவத்துக்காகச் சொந்தமாக ஒரு சரக்கு விமானம் செய்கிறது. நான்கு டர்போபிராப் எஞ்சின்கள் (விசிறியைச் சுழற்றும் டர்பைன் எஞ்சின்கள்), 40 டன் சுமை, 5,000 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் மண் ஓடுபாதையில் இறங்கி ஏறும் திறன். திட்டம் தொடங்கிய ஐந்தாம் ஆண்டில் விமானம் படையில் சேர்ந்துவிடுகிறது. "இது நம்பும்படி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்கள் சரியா தவறா என்பது இந்தக் கேள்வியின் மேல்தோல். காகிதத்தில் கோடாக இருந்த விமானம் படைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன நடக்கும், யாரோடு யார் மோதுவார்கள், எது எங்கே உடையும் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டியது. எண்களைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் பல ஆண்டுகள் ஆன்டனோவ் 32 விமானங்களின் பராமரிப்பில் இருந்தவன். விமானம் வடிவமைத்தவன் இல்லை. தரையில் நின்று பார்த்தால் தெரியும் விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். வடிவமைப்பு அறையிலும் அமைச்சகத்திலும் நடப்பதைப் பற்றிச் சொல்பவை எல்லாம் வெளிவந்த வரலாற்றிலிருந்து எடுத்தவை.

உங்கள் 40 டன்னும் 5,000 கிலோமீட்டரும் அபத்தமான எண்கள் இல்லை. சோவியத் ஒன்றியம் இல்யூஷின் 76 விமானத்துக்கு வைத்த இலக்கே கிட்டத்தட்ட அதுதான். அது முதலில் பறந்தது 1971 மார்ச்சில். ஆனால் அதில் இருப்பவை நான்கு ஜெட் எஞ்சின்கள். டர்போபிராப்பில் இன்றைய ஏர்பஸ் ஏ400எம் விமானத்தையே பாருங்கள். அதிகபட்சச் சுமை 37 டன். அந்தச் சுமையோடு போனால் சுமார் 3,300 கிலோமீட்டர்தான் போகும். 20 டன்னாகக் குறைத்தால் 6,400 வரை போகும். இதற்கே ஒவ்வொன்றும் 11,000 குதிரைத்திறன் கொண்ட நான்கு எஞ்சின்கள் தேவைப்பட்டன. 1970களில் மேற்கு நாடுகளில் பரவலாக வாங்கக் கிடைத்தது அமெரிக்காவின் சி-130 ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தில் இருந்த அல்லிசன் டி56. அது 5,000 குதிரைத்திறனுக்கு உட்பட்டது. சோவியத்திடம் 15,000 குதிரைத்திறன் கொண்ட என்கே-12 இருந்தது, ஆன்டனோவ் 22 அதில்தான் பறந்தது. ஆகவே உங்கள் நாடு மாஸ்கோவோடு நெருக்கமாக இருக்க வேண்டும், அல்லது ஜெட்டுக்குப் போக வேண்டும், அல்லது சுமையை 20 டன்னுக்கு இறக்க வேண்டும். எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. சிறிய நாடு செய்யக்கூடிய விமானம் அது.

600 மீட்டர் மண் பாதை என்பதும் பொய்யான எண் ஆக வேண்டியதில்லை, வேறொரு நாளின் எண்ணாக இருந்தால். விமானத் தயாரிப்பாளர்களின் தாளில் சுமை, தூரம், ஓடுபாதை நீளம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் குறைந்த ஓடுபாதை என்பது கொஞ்சம் எரிபொருளும் கொஞ்சம் சுமையும் ஏற்றிய நாளுக்கு. அதிகத் தூரம் என்பது உள்ளே பாதி காலியாக இருக்கும் நாளுக்கு. உங்கள் கதையில் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் இந்த மூன்று எண்களையும் ஒரே மூச்சில் வாசிக்கட்டும். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் முகத்தை மட்டும் காட்டுங்கள், போதும். நாடு மலைநாடு என்பதால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். லடாக்கில் உள்ள லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். இறக்கைக்குத் தூக்கும் சக்தியும் எஞ்சினுக்கு மூச்சும் சேர்ந்தே குறையும். கோடையில் மதியம் ஆக ஆக இன்னும் மோசம். அதனால்தான் மலைப் பயணங்களை விடியற்காலையில் முடித்துவிடப் பார்ப்பார்கள்.

சரி, இனி உருவாக்கம். இதில் எனக்கு ஒரே ஒரு அழுத்தமான கருத்து உண்டு: விமானத்திலிருந்து தொடங்காதீர்கள், சரக்கிலிருந்து தொடங்குங்கள். போர் விமானத்தை எதிரியின் விமானத்தைப் பார்த்து வடிவமைப்பார்கள். சரக்கு விமானத்தை ஒரு வண்டியைப் பார்த்து வடிவமைப்பார்கள். உங்கள் நாட்டு ராணுவத்திடம் இருக்கும் மிகப் பருமனான வண்டி எது? கவச வண்டியா, பீரங்கி இழுக்கும் லாரியா, புல்டோசரா? அதன் அகலமும் உயரமும் எடையும்தான் விமானத்தின் வயிற்றைத் தீர்மானிக்கும். வயிறு தீர்மானமானால் மற்றதெல்லாம் கிட்டத்தட்டத் தானாக வரும்.

ஹெர்குலிஸின் கதையைப் பாருங்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951 பிப்ரவரியில் அமெரிக்க விமானப்படை தன் தேவையை எழுதி நிறுவனங்களுக்கு அனுப்பியது. லாக்ஹீடில் வில்லிஸ் ஹாக்கின்ஸ் குழு வரைந்த விமானத்தில் தளம் லாரியின் தளத்துக்குச் சமமான உயரத்தில் இருந்தது. லாரியைப் பின்னால் நிறுத்திச் சரக்கை அப்படியே தள்ளிவிடலாம். பின்பக்கக் கதவே சாய்தளமாக இறங்கும், வண்டிகள் ஓட்டியபடி ஏறலாம். சரக்கறை சுமார் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். 1954 ஆகஸ்டில் முதல் மாதிரி பறந்தது, 1956 கடைசியில் படையில் சேர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். வண்டிக்காக விமானம் என்பது போய், விமானத்துக்காக வண்டி என்று ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கத் தரைப்படை ஸ்ட்ரைக்கர் கவச வண்டியை வாங்கியபோது, அது ஹெர்குலிஸுக்குள் அடங்க வேண்டும் என்பதே ஒரு நிபந்தனை. 1951-ல் யாரோ போட்ட அளவு, 2000-ல் ஒரு வண்டியின் கவசம் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தலைகீழாகவும் நடக்கும். 1960களின் சி-141 ஸ்டார்லிஃப்டர் நல்ல ஜெட் சரக்கு விமானம். ஆனால் எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். ராணுவச் சரக்கில் பாதி கூடாரமும் பெட்டியும் படுக்கையும்தான், அவை எடையை விட இடத்தைத்தான் தின்னும். கடைசியில் 270 விமானங்களின் உடலை வெட்டி, மொத்தம் சுமார் 7 மீட்டர் நீளம் கூடும்படி துண்டுகளை நடுவே செருகி ஒட்டினார்கள். உங்கள் நாவலின் இரண்டாம் பாகத்துக்கு இது ஆயத்தமாகக் கிடக்கும் சம்பவம்.

தரைப்படைக்கும் விமானப்படைக்கும் நடக்கும் இழுபறியும் இங்கேதான் இருக்கிறது. விமானம் வடிவமைக்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அந்த ஏழெட்டு ஆண்டில் தரைப்படை சும்மா இருக்காது. கவச வண்டிக்குக் கூடுதல் தகடு போடும், மேலே ஒரு துப்பாக்கிக் கோபுரம் வைக்கும். முதல் விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் நாளில் வண்டி 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், இரண்டு டன் ஏறியிருக்கும். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாத தகராறு அது. நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வயிறு முடிவானால் உருவம் முடிவாகிவிடும் என்றேன். தளம் தாழ்வாக இருக்க வேண்டும், இறக்கையின் தண்டு சரக்கறையைக் குறுக்கே வெட்டக் கூடாது; அதனால் இறக்கை உச்சியில் போகும். அவ்வளவு உயரமான இறக்கையில் சக்கரங்களை மாட்டுவது கடினம், அதனால் பெரும்பாலும் அவை உடலின் இரு பக்கமும் புடைத்த பெட்டிகளுக்குள் போகும். பின்கதவு திறக்க வேண்டும், அதனால் வால் மேல்நோக்கி வளையும். ஜெர்மனியின் அராடோ 232 இரண்டாம் உலகப் போரிலேயே கிட்டத்தட்ட இந்த உருவத்துக்கு வந்துவிட்டது. அதன் வயிற்றுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சக்கரங்கள் இருந்ததால் மரவட்டை போல இருக்கும். ஆகவே உங்கள் விமானம் ஹெர்குலிஸ் மாதிரி இருக்கிறதே என்று வாசகர்கள் சொன்னால் கவலைப்படாதீர்கள். நான் பராமரித்த ஆன்டனோவ் 32 கூட முன்னிருந்த 26-ன் உடல்தான். வெப்பத்திலும் உயரத்திலும் ஏறுவதற்காக அதில் இரண்டு மடங்குக்கு நெருக்கமான சக்தியுள்ள எஞ்சின்களை வைத்தார்கள். பெரிய எஞ்சினுக்குப் பெரிய விசிறி. பெரிய விசிறி தரையில் இடிக்கக் கூடாது. அதனால் எஞ்சின் இறக்கைக்கு மேலே ஏறிக்கொண்டது. பார்ப்பதற்கு விகாரம்தான். ஆனால் 2008-ல் அந்த ரக விமானம் ஒன்று லடாக்கில் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள தவுலத் பேக் ஓல்டி ஓடுபாதையில் போய் இறங்கியது.

அடுத்தது எஞ்சின். பெரும்பாலான திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான், இதை உறுதியாகச் சொல்லலாம். விமான உடலை ஒரு நாடு கற்றுக்கொண்டு செய்துவிடலாம். எஞ்சின் செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சீனாவின் ஒய்-20 2013-ல் பறந்தபோது அதில் இருந்தவை ரஷ்ய எஞ்சின்கள். ஏ400எம் திட்டத்தில் ஏர்பஸ் கனடாவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பக்கம் சாய்ந்திருந்தது. ஐரோப்பிய எஞ்சின்தான் வேண்டும் என்று அரசியல் தரப்பிலிருந்து அழுத்தம் வந்தது. நாலு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து டிபி400 என்ற புது எஞ்சினைச் செய்தன. இரும்பும் விசிறியும் தயாரான பிறகும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்குச் சான்றிதழ் வாங்குவதில் திட்டம் ஆண்டுக்கணக்கில் பிந்தியது. 2003-ல் ஒப்பந்தம், 2009 டிசம்பரில் முதல் பறத்தல், 2013-ல் முதல் விமானம் பிரான்சுக்கு. 2015 மே மாதம் செவில் நகரில் புத்தம்புது விமானம் ஒன்று சோதனைக்குக் கிளம்பிச் சற்று நேரத்தில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். மூன்று எஞ்சின்களின் கணினியில் சில அளவீட்டுக் கோப்புகள் இல்லாமல் போயிருந்தன. இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து 20 டன் விமானம் செய்வதாக இருந்த திட்டமும் எஞ்சின் உட்பட்ட விஷயங்களில் ஒத்துப்போகாமல் நின்றுபோனது.

உங்கள் கதை 1970களில் நடப்பதால் மென்பொருள் வேண்டாம். எஞ்சினை இறக்குமதி செய்யட்டும், பாதி வழியில் விற்கும் நாடு கை விரிக்கட்டும். முடிக்கப்பட்ட விமான உடல்கள் எஞ்சின் இல்லாமல் கொட்டகையில் வரிசையாக நிற்கும். விமானத்தின் மூக்குப் பக்கம் கனம் குறைந்தால் பின்னால் சாயும் என்பதால், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிடுவார்கள்.

பிறகு எடை. எல்லா விமானமும் வளரும்போது எடை போடும், விதிவிலக்கு அபூர்வம். சரக்கு விமானத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் சுமையிலிருந்து கழியும், அதனால் எடைக் குறைப்பு ஒரு வெறியாக மாறும். அந்த வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் மாபெரும் ஜெட் சரக்கு விமானம் சி-5 கேலக்ஸி இருக்கிறது. 1965-ல் லாக்ஹீட் ஒப்பந்தத்தைப் பெற்றது, காலி எடைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அதைக் காப்பாற்ற இறக்கையில் உலோகத்தைச் சுரண்டினார்கள். விமானம் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய அதிகபட்சப் பளுவை நூறு என்று வைத்தால், சோதனைக்கூடத்தில் இறக்கை நூற்றைம்பதைத் தாங்க வேண்டும் என்பது விதி. 1969-ல் அந்த இறக்கை 128-ல் உடைந்தது. கடைசியில் 1980களில் 77 விமானங்களுக்குப் புது இறக்கை மாட்ட வேண்டியதாயிற்று. இன்னொரு வேடிக்கை: இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 1992 அக்டோபரில், வேறு நிறுவனம், வேறு விமானம், சி-17. அதன் இறக்கையும் சோதனையில் 128-ல்தான் உடைந்தது. இதில் மர்மம் எதுவும் இல்லை, தற்செயல்தான். நாவலில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையை ஒரு அத்தியாயமாக எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய கொட்டகை. விமானம் பறப்பதற்கில்லை, உடைவதற்காகவே செய்யப்பட்டது. ஹைட்ராலிக் ஜாக்குகள் இறக்கையின் நுனியைப் படிப்படியாக மேலே வளைக்கும். ஒருவர் சதவீதத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். உலோகம் முனகும். அதற்குப் பிறகு ஒரு வெடி.

பின்கதவையும் மறக்காதீர்கள். விமான உடல் என்பது காற்றை அடைத்து வைக்கும் குழாய். அதன் பின்பக்கத்தில் வீட்டு வாசலைவிடப் பெரிய ஓட்டை போட்டு, அதை மூடித் திறக்கவும் வேண்டும், அழுத்தம் தாங்கவும் வேண்டும் என்றால், எந்தப் பொறியாளருக்கும் தூக்கம் வராது. 1975 ஏப்ரல் 4 அன்று சைகோனிலிருந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கேலக்ஸியில் பின்கதவுப் பூட்டுகள் பிடி விட்டன. கதவு பிய்ந்ததில் வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டு இணைப்புகளும் அறுந்து விமானம் விழுந்தது. ஜப்பானின் சி-2 விமானத்தில் 2014-ல் தரையில் நடந்த அழுத்தச் சோதனையிலேயே பின்பக்கம் சேதமாகித் திட்டம் பிந்தியது. தரையிலேயே தெரிந்தது நல்லது.

பணமும் அரசியலும் நீங்கள் நினைப்பதைவிட அதிகப் பக்கங்களைப் பிடிக்கும். ஒரு விமானத்தின் விலை அதைச் செய்யும் செலவில் மட்டும் இல்லை, எத்தனை செய்கிறோம் என்பதில் இருக்கிறது. சி-17 முதலில் 210 என்று திட்டமிட்டு 1990-ல் 120 ஆகக் குறைத்தார்கள். விமானம் குறைந்தால் ஒன்றின் விலை ஏறும், விலை ஏறினால் இன்னும் குறைக்கச் சொல்வார்கள். 1993-ல் சரிசெய்ய இரண்டு ஆண்டு அவகாசம், இல்லாவிட்டால் இத்தோடு முடிந்தது என்றார்கள். பிழைத்துக்கொண்டது, கடைசியில் 279 விமானங்கள் செய்தார்கள், இந்தியாவிடம் 11 இருக்கின்றன. பிழைக்காத கதை ஆன்டனோவ் 70. அதை வடிவமைத்தவர்கள் கீவ் நகரில், பாகங்கள் செய்பவர்கள் சோவியத் முழுக்க. விமானம் பறக்கும் முன்பே 1991-ல் நாடே கலைந்துவிட்டது. 1994 டிசம்பரில் பறந்தது. 1995 பிப்ரவரியில் சோதனையின்போது கூடவே பறந்த இன்னொரு விமானத்தோடு மோதி ஏழு பேரோடு விழுந்தது. இரண்டாவது விமானம் செய்தார்கள், அது நன்றாகவே பறந்தது, ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. மொத்தம் பறந்தவை அந்த இரண்டுதான். உங்கள் கற்பனை நாட்டுக்கு இதுதான் நெருக்கமான முன்னுதாரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டிய கதைகளும் உண்டு. கேலக்ஸி போட்டியில் தோற்ற போயிங் அந்த வடிவத்தையே 747 ஆக மாற்றிவிட்டது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அந்தப் போட்டியால் பெரிய விசிறி ஜெட் எஞ்சின் வளர்ந்தது, அது 747-க்கு உதவியது, இவ்வளவு சரி. ஆனால் 747-ன் இறக்கை கீழே இருக்கிறது. அது பயணிகளுக்காகப் புதிதாக வரைந்த விமானம். அதேபோல, ஹெர்குலிஸ் வரைபடத்தைப் பார்த்த, லாக்ஹீடின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் "இது நிறுவனத்தையே அழித்துவிடும்" என்று எச்சரித்தார் என்ற கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. நடந்திருக்கலாம், சொல்லிச் சொல்லி மெருகேறியும் இருக்கலாம். நாவலுக்கு இப்படிப்பட்ட கதைகள் பொருத்தம். உங்கள் பாத்திரங்கள் அவற்றை ஆளுக்கொரு விதமாகச் சொல்லட்டும்.

கால அட்டவணைக்கு வருவோம். ஹெர்குலிஸைப் படையில் சேர்க்க 1950களின் அமெரிக்காவுக்கே கிட்டத்தட்ட ஆறு ஆண்டு ஆனது. அனுபவமுள்ள பிரேசிலின் எம்ப்ரேயர் கேசி-390 விமானத்தை 2009-ல் தொடங்கி 2015-ல் பறக்கவிட்டு 2019-ல்தான் படையிடம் கொடுத்தது. உங்கள் நாட்டுக்கு 12 ஆண்டு கொடுங்கள். 1970-ல் தேவை எழுதப்படட்டும். 1973-ல் எஞ்சின் ஒப்பந்தம். 1975-ல் அது முறியட்டும். 1977-ல் முதல் பறத்தல், எடை நான்கு டன் அதிகத்தோடு. 1978-ல் இறக்கை உடையட்டும். 1982-ல் படையில் சேரட்டும், முதலில் கேட்ட எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். இடையில் செங்குத்தாகக் கிளம்பும் வடிவம் ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். ஜெர்மனி டோர்னியர் 31 என்று அப்படி ஒன்றைச் செய்தது, 1967-ல் பறந்தது. பத்து எஞ்சின்களையும் அவற்றின் எரிபொருளையும் சுமந்த பிறகு சரக்குக்கு மிச்சம் அதிகம் இல்லை. 1970-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

சோதனை விமானி கதாநாயகனாக இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், ஆனால் அவர் ஏழாம் ஆண்டில்தான் உள்ளே வருவார். முதல் ஆண்டிலிருந்து கடைசி வரை இருப்பவர் எடைக் கணக்குப் பார்க்கும் பொறியாளர். ஒவ்வொரு துறையும் அவரிடம் பொய் சொல்லும். அவர் எல்லாவற்றையும் கூட்டி வாரா வாரம் ஒரு எண்ணை மேலே அனுப்ப வேண்டும், அந்த எண் யாருக்கும் பிடிக்காது. இன்னொருவர் லோடுமாஸ்டர், சரக்கு ஏற்றுபவர். அவரை வடிவமைப்பு அறைக்கு அழைத்து வந்து, மரத்தில் செய்த மாதிரிச் சரக்கறைக்குள் விட்டால், ஐந்தே நிமிடத்தில் சங்கிலி மாட்டும் வளையங்கள் தப்பான இடத்தில் இருக்கின்றன என்பார். வளையத்தை நகர்த்தத் தளத்தின் உத்தரங்களை நகர்த்த வேண்டும், உத்தரம் நகர்ந்தால் எடை ஏறும்.